திறந்த விரிப்பு

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நாலு பேர் உட்காரும் மேசை அது. வீட்டில் ஆட்கள் மூன்றே பேர்: அண்ணன், அண்ணி, நான். அப்படியும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். மேசைமேல் எந்நேரமும் யாருடைய தலையெழுத்தாவது காய்ந்துகொண்டிருக்கும். குறி பார்க்கும் டாரட் கார்டுகள் மூன்று, பக்கத்தில் பக்கத்தில், தூசி படாமல் மேலே ஒரு மெல்லிய வலைத்துணி. அதை நகர்த்தக் கூடாது, அந்தப் பக்கம் ஃபேன் போடக் கூடாது. ஒருநாள் அசதியில் என் கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டேன். தூங்குகிற குழந்தைமேல் வைத்த மாதிரி அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இத்தனைக்கும் காரணம் அண்ணிக்கு வந்த ஒரு காய்ச்சலும் என் சோம்பலும்தான். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிற கம்பெனியில் அண்ணிக்குப் போனில் புகார் கேட்கும் வேலை. காலையிலிருந்து மாலைவரை முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு "புரியுதுங்க, கண்டிப்பா பாக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். அந்தக் குரலில் என்ன இருக்கிறதோ, திட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டுவிட்டுத் தங்கள் மருமகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வேலையை விட்டுப் போன ஒரு தோழி போகும்போது ஒரு கட்டு டாரட் கார்டைக் கையில் கொடுத்தாள். அண்ணி வீடியோ பார்த்துப் படித்தார். ஆபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் அது ஒரு வெட்டிப் பொழுதுபோக்கு. நானே ஒருநாள் "எனக்கு எப்போ சம்பளம் ஏறும்னு கேளுங்க அண்ணி" என்று கிண்டலடித்திருக்கிறேன்.

அந்தக் குழுவில் ஒருத்தி தன் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். அண்ணி மேசையில் மூன்று கார்டு போட்டார்: போனது, இருப்பது, வரப்போவது. போட்டோ எடுத்து அனுப்பினார். அன்று மாலையே அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, கார்டுகளை எடுத்து வைக்க ஆளில்லை. நான் எடுக்கலாம், எனக்கென்ன வேண்டுதலா? அந்த வாரக் கடைசியில் பையனுக்கு வேலை வந்துவிட்டது. அண்ணி எழுந்து வந்து, தூசி படிந்த அதே மூன்று கார்டை மறுபடி போட்டோ எடுத்துப் போட்டார். எடுக்காமல் விட்டதை யாரும் சோம்பல் என்று நினைக்கவில்லை. பலிக்கும்வரை காத்திருந்த நம்பிக்கை என்று நினைத்தார்கள்.

அந்தப் போட்டோதான் பரவியது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது பக்கத்து மெஷின் பெண் அதை எனக்கே காட்டினாள். எங்கள் மேசை, எங்கள் கீறல், ஓரத்தில் என் சாவிக்கொத்து. அதற்குப் பிறகு எல்லோரும் கார்டைப் போட்டுவிட்டு எடுக்காமல் வைக்க ஆரம்பித்தார்கள். அதற்குத் 'திறந்த விரிப்பு' என்று பெயர் வந்தது. கேட்டது நடந்ததும் கார்டை எடுத்துக் கட்டோடு சேர்ப்பதற்கு 'மூடுவது' என்று பெயர். மூடியவர்கள் 'பலிச்சது' என்று எழுதிப் படம் போட வேண்டும். ஆளாளுக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில், தையல் மெஷின்மேல், பிரிட்ஜ் தலையில் விரிப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஏழெட்டுப் பேர் சில நூறாகி, சில நூறு சில ஆயிரமானது. போன் குழுவுக்குள்ளேயே காதலுக்கு ஒரு அறை, வேலைக்கு ஒரு அறை, கோர்ட்டு வழக்குக்கு, பிள்ளைக்கு, வீடு விற்பதற்கு என்று தனித்தனி அறைகள். யாரும் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது, மானம் மரியாதை பிரச்சினை. அண்ணியை எல்லோரும் 'மேசையக்கா' என்றார்கள். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் 'எலுமிச்சை' என்ற பெயரில் நுழைந்தேன். காசு கீசு ஒன்றும் கிடையாது. காசு வாங்கியிருந்தால் ஏமாற்று என்று ஒரே வார்த்தையில் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அன்பாகச் செய்தார்கள், அதுதான் தொல்லை.

கூட்டம் பெருகியதும் அண்ணியால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. அப்போது வந்து சேர்ந்தவர் 'சூரியன் அக்கா'. எந்த ஊர், என்ன வயது, யாருக்கும் தெரியாது. குரல் செய்தி அனுப்பும்போது பின்னால் ஒரு நாய் குரைக்கும், அவ்வளவுதான் தெரியும். ராப்பகலாக உழைத்தார். புதிதாக வருகிறவர்களை வரவேற்பது, சண்டை போடுகிறவர்களை வெளியேற்றுவது, எல்லாம் அவர் கையில். அண்ணி நிம்மதியாகக் குழுவின் முழுப் பொறுப்பையும் அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். சூரியன் அக்கா முதல் வேலையாக ஒரு விதி போட்டார்: விரிப்பு திறந்திருக்கும்போது, கேட்ட விஷயத்தில் கை வைக்கக் கூடாது. வேலை கிடைக்குமா என்று கேட்டால் அது மூடும்வரை வேறு வேலைக்கு மனுப் போடாதே. கல்யாணம் நிலைக்குமா என்று கேட்டால் மூடும்வரை வக்கீலைப் பார்க்காதே. பலித்தால் கார்டின் பெருமை, பலிக்காவிட்டால் நீ கை வைத்துவிட்டாய். இதைவிட சௌகரியமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

குழு அறுபதாயிரம் பேரைத் தாண்டிய மாதத்தில்தான் அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூம்களில் கிரீசும் கையுமாகக் கிடப்பவன். ஏதோ சிறுநீரகக் கல் என்று பார்க்கப் போனவனுக்கு வயிற்றுக்குள் வேறொன்று தெரிந்தது. இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் வீங்கியிருந்தது. ஆபரேஷன் டாக்டர் மூன்று பேரையும் உட்காரவைத்து, ஒரு தாளில் குழாய் வரைந்து, நடுவில் ஒரு உருண்டை போட்டுக் காட்டினார்.

"எனக்கு வலியே இல்லையே டாக்டர்" என்றான் அண்ணன்.

"இது வலிக்காது. அதான் இதுல சிக்கலே. வலிச்சா அப்புறம் எங்களுக்கு நேரம் கிடைக்காது."

"மாத்திரையில சரி பண்ண முடியாதுங்களா?" அண்ணி கேட்டார்.

"முடியாதும்மா. இந்த சைஸுக்கு வந்துட்டா தள்ளிப்போடக் கூடாது. இப்ப பண்ணா நல்லபடியா எழுந்து வீட்டுக்குப் போயிடுவார்." காலண்டரைப் புரட்டி, அடுத்த வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு "இவ்வளவு தானா, நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தான். அவன் பயந்தால்தான் அப்படிச் சிரிப்பான். சின்ன வயதில் நாய் துரத்தியபோதும் அப்படியேதான் சிரித்தான்.

அண்ணி சும்மா இருந்திருக்கலாம். சும்மாதான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். மனசு கேட்காமல் சூரியன் அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறார். சூரியன் அக்கா அதைக் குழுவில் போட்டுவிட்டார். 'நம் மேசையக்கா வீட்டுக்காரருக்காக எல்லோரும் சேர்ந்து ஒரு விரிப்பு.' மறுநாள் மாலை எங்கள் மேசைமுன் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு அண்ணி கார்டு கலைக்க, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ ஆயிரக்கணக்கான பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படத்துக்கு வெளியே நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போனதும் இருப்பதும் என்ன கார்டு என்று எனக்கு நினைவில்லை. வரப்போவதில் 'நான்கு வாள்' விழுந்தது. ஒரு வீரன் கவசத்தோடு மல்லாந்து படுத்திருக்கிறான், கைகள் நெஞ்சின்மேல் கூப்பியிருக்கின்றன. சுவரில் மூன்று வாள்கள், அவனுக்கு அடியில் ஒன்று. மளமளவென்று செய்திகள் குவிந்தன. ஓய்வு. நிம்மதி. வாள்கள் சுவரில் தொங்குகின்றன பாருங்கள், யாரும் கையில் எடுக்கவில்லை. அதற்கு அர்த்தம், கத்தி படாது. கத்தி படாமலே குணமாகிவிடும்.

"அண்ணி, அவன் படுத்திருக்கிறது கல்லறைமேல" என்றேன். படத்தைப் பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"புதுசா பாக்கிறவங்களுக்கு அப்படித்தான் தோணும். இது அந்த அர்த்தம் இல்லை, பாப்பா."

"அப்போ செவ்வாய்க்கிழமை?"

அண்ணி வலைத்துணியை எடுத்து மூன்று கார்டின்மேலும் மெதுவாக விரித்தார். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாம். விரிப்பு திறந்திருக்கே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துணியையும் கார்டையும் வாரி ஜன்னல் வழியாக வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. கத்தினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், திருப்பித் திருப்பிச் சொன்னேன். அண்ணி அழுதார். அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அண்ணிதான் இவனைப் பிடித்து வைத்திருக்கிறார், இவனைத் தனியாகப் பார்த்துப் பேசினால் வழிக்கு வந்துவிடுவான் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் சொல்லிவிட்டு அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். லிப்ட் நிறுத்தியிருந்தது. ஒன்பது மாடி ஏறி, அதற்குமேல் இரும்பு ஏணி ஏறி, மூச்சு வாங்க மெஷின் ரூமுக்குள் நுழைந்தால் அங்கே ஒரே சண்டை. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் அண்ணனிடம் எகிறிக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் ஓடிச்சே. இன்னிக்கு மட்டும் என்ன? எங்க மாடியில கால் முடியாதவங்க இருக்காங்க."

"கயிறு நைஞ்சிருக்கு சார். நாலஞ்சு இழை விட்டுப் போயிருக்கு. இதை வச்சு ஓட்ட முடியாது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டுங்க, அப்புறம் மாத்திக்கலாம்."

"இன்னிக்கு அறாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" அண்ணன் மெயின் ஸ்விட்சில் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். வேலை விஷயத்தில் அவன் ஈவு இரக்கம் பார்க்க மாட்டான். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"இப்ப அவர்கிட்ட என்ன சொன்னியோ அதை உனக்கு நீயே சொல்லிக்க" என்றேன்.

அவன் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அது கயிறு, வாயாடி."

"இது குழாய். என்ன வித்தியாசம்?"

"கயித்துக்குத் தெரியாது." துணியை மடித்து வைத்தான். "என்னைப் படுக்கப் போட்டு, மயக்கம் குடுத்து, வயித்தை இங்கேர்ந்து இங்க வரைக்கும் திறப்பாங்க. நான் அப்போ எங்க இருப்பேன்? எங்க கம்பெனி டிரைவர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனார். நான்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வரலை. அவருக்கும் டாக்டர் நல்லபடியா எழுந்துடுவார்னுதான் சொன்னாங்க."

"அண்ணி சொல்லித்தானே நீ..."

"அவ என்ன சொன்னா? அவ நேத்து ராத்திரி மூடிடறேன்னா. நான்தான் வேண்டாம்னேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தான். "கார்டு நல்லாத்தானே வந்திருக்கு. அத்தனை பேர் சொல்றாங்க. அத்தனை பேருமா முட்டாள்?"

யாரைக் குறைசொல்லலாம் என்று வாய் நிறையக் கோபத்தோடு ஏணி ஏறியவள், யாரைச் சொல்வது என்று தெரியாமல் இறங்கினேன். அவனை அடித்து இழுத்துப் போகவும் முடியாது. நாற்பது வயது ஆள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு முதல்நாளே வந்து சேர வேண்டும், உறுதிதானா என்று கேட்டார்கள். சாயந்தரம் சொல்கிறேன் என்று அண்ணி வைத்துவிட்டார். கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்குள் நடந்தார். இரண்டு தடவை மேசையருகே போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கினார், இரண்டு தடவையும் அண்ணன் "இரேன்" என்றான். கடைசியில் அந்தக் குழுவுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது. குழுவையே கேட்டுவிடலாம் என்றார். ஓட்டெடுப்பு. 'மூடலாமா, திறந்தே இருக்கட்டுமா?' என் அண்ணனின் ரத்தக் குழாயை வெட்டலாமா வேண்டாமா என்பதற்கு, அவனை ஒருநாளும் பார்த்திராத அறுபதாயிரம் பேர் ஓட்டுப் போடத் தொடங்கினார்கள்.

அந்தச் சாயந்தரம் மூன்று பேரும் ஆளுக்கொரு போனோடு சோபாவில் உட்கார்ந்திருந்தோம். நான் முதல் ஆளாக 'மூடலாம்' என்று போட்டேன். ஆச்சரியம், நிறையப் பேர் அப்படிப் போட்டார்கள். ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாக வந்து நின்றது. அப்போது சூரியன் அக்காவின் குரல் செய்தி வந்தது, பின்னால் நாயோடு. "முடிவு உங்களோடதுதான், நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. மேசையக்காவே மூடிட்டா, அப்புறம் நம்ம விரிப்புக்கு என்ன அர்த்தம்?" அவ்வளவுதான், ஒரு பக்கம் மட்டும் ஏறத் தொடங்கியது.

எட்டிப் பார்த்தேன். அண்ணனின் போனிலும் அந்தக் கேள்வி திறந்திருந்தது. அவனும் 'லிப்ட்காரன்' என்ற பெயரில் உள்ளே இருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் 'திறந்தே இருக்கட்டும்' என்பதற்கு மேலே நின்றது.

"போடாதே" என்றேன்.

"நான் போட்டா என்ன? அறுபதாயிரத்துல ஒண்ணு."

"உன் வயிறு அது."

போட்டுவிட்டான். போட்டதும் அவன் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். வீட்டுப்பாடம் எழுதாத பையனுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை என்று சொன்ன மாதிரி முகம் தெளிந்துவிட்டது. அண்ணி அந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகத்துக்காகத்தான் எழுந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "புரியுதுங்க, கண்டிப்பா அப்புறம் வர்றோம்" என்று தன் ஆபீஸ் குரலில் சொன்னார். அண்ணன் அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான். நான் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்து போனது, ஒன்றும் ஆகவில்லை. 'கத்தி படாமல் ஒரு செவ்வாய்' என்று குழுவில் கொண்டாட்டம். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும்கூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருவேளை எல்லாம் சரியாகிவிடுமோ என்று நினைத்தேன். நினைக்க அவ்வளவு சுகமாக இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பினான். ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. "முதுகுல என்னமோ..." என்றான். முகம் சட்டென்று வெளுத்தது. வியர்வை கொட்டியது. அண்ணி ஓடிவந்து தாங்கினார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. வண்டிக்குள் அவன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது.

"வெட்டச் சொல்லு, வாயாடி" என்றான். "போனதும் வெட்டச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உடனே வெட்டச் சொல்லு."

"சொல்றேன். நீ பேசாதே."

"அவகிட்டயும் சொல்லு."

அண்ணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டியை இறக்கும்போதே கை தளர்ந்துவிட்டது. உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் அதே டாக்டர் வெளியே வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் கலைந்த பிறகுதான் அண்ணி போனை எடுத்தார். அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யாரோ சொல்லிக் குழுவுக்கு முன்பே தெரிந்திருந்தது. சூரியன் அக்கா ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நம் லிப்ட்காரர் கத்தி படாமல் நிரந்தர ஓய்வுக்குப் போய்விட்டார். நான்கு வாள் சொன்னது அதைத்தான், நமக்குத்தான் ஆழமாகப் பார்க்கத் தெரியவில்லை. கீழே கொட்டை எழுத்தில்: பலிச்சது. அதற்கும் கீழே ஆயிரமாயிரம் பூக்கள், கண்ணீர்த் துளிகள். குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே வாரத்தில் அத்தனை பேர் சேர்ந்தது அந்த வாரம்தான்.

"பாத்தீங்களா? செத்ததையும் கணக்குல சேர்த்துட்டாங்க" என்று கத்தினேன். "எல்லாம் உங்க மேசையிலதானே ஆரம்பிச்சது."

அண்ணி சுவரோரம் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். "அவர்தான் வேண்டாம்னார், பாப்பா" என்றார்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும், அவருக்குப் பயம்னு. பயம்னு சொல்ல விடாம நான்தான் அவருக்கு ஒரு கார்டு குடுத்தேன். அது இல்லாட்டி அழுதிருப்பார். அழுதுட்டுப் போயிருப்பார்."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுது ஓய்ந்தோம்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. 'மழைத்துளி' என்று ஒருத்தி, அந்த வாரம்தான் குழுவில் சேர்ந்தவள். 'அக்கா, உங்கள் வீட்டுக்காரர் விஷயம் படித்துவிட்டுத்தான் வந்தேன். என் கணவருக்கும் அதே வீக்கம். வியாழக்கிழமை ஆபரேஷன் என்கிறார்கள். நேற்று விரிப்புப் போட்டோம். அதே நான்கு வாள் வந்திருக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.'

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. 'ஆபரேஷனுக்குப் போங்கள். கார்டை எடுத்துக் குப்பையில் போடுங்கள். என் கணவர் நிம்மதியாகப் போகவில்லை. வலியில் துடித்து, வெட்டச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே போனார். நான் தள்ளிப்போட்டதால்தான் போனார். தயவுசெய்து போங்கள்.' அவளுக்கு அனுப்பிவிட்டு, அதையே குழுவிலும் எல்லோரும் பார்க்கப் போட்டார்.

குழுவில் போட்டது சிறிது நேரத்தில் காணாமல் போனது. 'திறந்த விரிப்பில் கை வைக்கும் செய்தி' என்று காரணம் எழுதியிருந்தது. மறுபடி போட்டார், மறுபடி போனது. நானும் எலுமிச்சையாகப் போட்டேன். சூரியன் அக்காவிடமிருந்து அண்ணிக்குத் தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. கோபமே இல்லாத குரல். "அக்கா, நீங்க ரொம்ப உடைஞ்சு போயிருக்கீங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. நாங்க பாத்துக்கறோம்." அடுத்து திரையில், நீங்கள் இந்தக் குழுவில் இல்லை என்று வந்தது. எனக்கும் அதேதான்.

மழைத்துளியின் பதில் மட்டும் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. 'துக்கத்தில் அப்படித்தான் தோன்றும் அக்கா. உங்களைச் சங்கடப்படுத்தியதற்கு மன்னியுங்கள். விரிப்பு திறந்திருக்கும்போது இதையெல்லாம் நான் படித்திருக்கக் கூடாது என்று சூரியன் அக்கா சொல்கிறார். உங்களுக்காக ஒரு கார்டு எடுக்கிறேன்.' அதற்குப் பிறகு அண்ணி அனுப்பிய எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

"அவங்க பேர் என்ன?" என்று அண்ணி என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஊர் தெரியாது, புருஷனுக்கு என்ன வேலை என்று தெரியாது. வியாழக்கிழமை என்பது ஒன்றுதான் தெரியும்.

வியாழக்கிழமை காலை அண்ணி குளித்து, துவைத்து வைத்த உடையை உடுத்திக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் போகாமல் நானும் கூடவே போனேன். அவருக்குத் தெரிந்தது ஒரே ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார். உலகத்தில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் பக்கத்தில் போய்க் குனிந்து, தாழ்ந்த குரலில், "நீங்க மழைத்துளியாங்க?" என்று கேட்டார். சிலர் இல்லை என்றார்கள். சிலர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், பாவம், எதுக்கும்மா தேடறீங்க என்று கேட்டாள். அண்ணி சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் திரும்பி வந்தார்.

மத்தியானம் போய்ச் சாயந்தரமானது. தள்ளுவண்டிகள் உள்ளே போயின, வெளியே வந்தன. கூட்டம் குறைந்து கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நர்ஸ் ஒருத்தி கையில் பட்டியலோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தாள்.

"உள்ள எல்லாம் முடிஞ்சிருச்சேம்மா. நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"இன்னிக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க" என்றார் அண்ணி. "வந்தாரான்னு பாக்கணும்."

"பேஷன்ட் பேர் சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த நர்ஸிடம் "தெரியலைங்க" என்றார்.